எட்டும் தூரம்

பட்டம் வென்ற நாளிலிருந்து குத்துச்சண்டை வீரன் ஏசுபாதத்துக்கு எங்கேயும் இருப்புக்கொள்ளவில்லை. பாராட்டு விழாவின் நடுவிலேயே எழுந்து, ஆட்டோ பிடித்து, தன் கடைசிக் குத்தில் சுருண்டு விழுந்த முனிரத்தினம் படுத்திருந்த ஆஸ்பத்திரிக்குப் போனான்.

வார்டு வாசலில் முனிரத்தினத்தின் மனைவி பூங்கொடி நின்றிருந்தாள். சட்டையைப் பிடித்து உலுக்குவாள் என்று எதிர்பார்த்தான். "உள்ள வாங்கண்ணா" என்றாள்.

"மன்னிச்சிரும்மா" என்று உள்ளே நுழைந்தபடி அவன் தொடங்கும்போதே, கட்டிலில் கூரையை வெறித்துக் கிடந்த முனிரத்தினம் தலையைத் திருப்பினான். ஏசுபாதத்தைக் கண்டதும் கண்கள் விரிந்தன. கைகள் இரண்டும் முஷ்டியாக மடங்கித் தாடைக்கு முன்னால் உயர்ந்தன.

ஏசுபாதம் பின்வாங்கினான். "என்னப் பாத்து பயப்படறாரும்மா. நான் கெளம்பறேன்."

பூங்கொடி வழியை மறித்து நின்றாள். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று புரியவில்லை.

"கண்ணு முழிச்சதுலேர்ந்து கையே அசைக்கலண்ணா. என்னையும் தெரில, பெத்த புள்ளயையும் தெரில. உங்களத்தான் தெரியுது. நாளைக்கும் வாங்க. தெனமும் வாங்க."

முனிரத்தினத்தின் இடது முஷ்டி மட்டும் மெல்ல முன்னால் நீண்டது. ஏசுபாதம் கட்டிலருகே போனான். அது எட்டும் தூரத்துக்குத் தன் முகத்தைத் தாழ்த்தினான்.