ஒரு வரி தேறும்வரை

மோர்டன் நகரத்து வீடொன்றின் சமையலறை ஜன்னலில் மாலை வெயில் மங்கிக்கொண்டிருக்கிறது. விடிகாலை ஷிப்டிலிருந்தே நின்று கால் கடுத்துப்போன சிவனேஸ்வரி, கடைசி வேலையாக அந்த வீட்டுக் கோப்பைகளைக் கழுவுகிறாள். திறந்த கதவுக்கு அப்பால், வேல்ஸ் நாட்டு முதிய பாதிரியார் ப்ரோசர் வேதாகமத்துச் சங்கீதத்தின் ஒரே வரியை நாள் முழுக்கத் தன் தாய்மொழியில் மாற்றி மாற்றி எழுதுகிறார். எழுதியதை உரக்க வாசித்துவிட்டுக் காத்திருக்கிறார். வரி இடறினால், பாத்திரம் கழுவும் இதே தொட்டியடியில் நின்று அவர் மனைவி கரண்டியால் ஒருதரம் தட்டுவாளாம். தட்டாவிட்டால் தேறியது என்று அர்த்தம். அவள் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது. வாசித்து முடிக்கிறார். சிவனேஸ்வரியின் கையிலிருந்த கோப்பை தொட்டியில் டக்கென்று இடிபடுகிறது. அவர் வரியை அடித்துவிடுகிறார். “ஐயோ பாதர், அது நான்தான். கை வழுக்கிப் போச்சுது.” “பரவாயில்லை. அவளும் தட்டித்தான் இருப்பாள்,” என்கிறார், கண்ணைக் கசக்கியபடி. திரும்பவும் எழுதுகிறார், வாசிக்கிறார். சிவனேஸ்வரிக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. குழாயை இறுக மூடுகிறாள். நுரை முழங்கைவரை வழிய, கோப்பையைக் கீழே வைக்காமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூச்சடக்கி நிற்கிறாள். வெகுநேரம் கழித்து, உள்ளே பேனாவை மூடும் சத்தம் கேட்கிறது.