ஒருவருக்கு ஒரே அம்மா

ஜொகூரின் மாசாய் ஊரில் உள்ள தொழிற்சாலை அலுவலகத்தில், ரபேல் சிரித்துக்கொண்டே பிரவீனாவின் மேசைக்கு வந்தார்.

"நீ எழுதுன புரோகிராம் ஒரு லீவு பாரத்தைத் தள்ளிடுச்சு, பாத்தியா? ஆள் பேரு காட்டல, நம்பர் மட்டும்தான். அம்மா செத்துட்டாங்களாம்."

"பாத்தேன் அண்ணே. பாரத்துல எழுத்துப் பிழை இல்ல, தேதி சரி, கட்டமெல்லாம் சரி. அர்த்தம்தான் இடிக்குது. போன வருஷமும் அதே நம்பருக்கு அம்மா செத்திருக்காங்க. ஒருத்தருக்கு ஒரு அம்மாதான்னு நான்தான் ரூல் போட்டேன்."

"அலமாக்! லீவுக்காக அம்மாவை ரெண்டு தடவை கொல்றானா? யாரு லா அது?"

"நான்தான்."

ரபேலின் சிரிப்பு நின்றது.

"பெத்த அம்மா போன வருஷம் போனாங்க. அவங்க தங்கச்சிதான் என்னை வளத்தாங்க. இன்னைக்குக் காலையில, லாபிஸ் ஊர்ல, அவங்களும் போயிட்டாங்க."

"ரூலை மாத்திட்டுக் கிளம்பும்மா!"

"அதுக்கு மேனேஜர் கையெழுத்து வேணும். ரெண்டு நாள் ஆகும். நாலு மணிக்கு எடுக்குறாங்க அண்ணே."

பிரவீனா பாரத்தைத் திறந்தாள். உறவு என்ற கட்டத்தில் இருந்த 'அம்மா'வை அழித்தாள். தன்னை வளர்த்தவரை வாழ்நாளில் ஒருமுறைகூட 'சித்தி' என்று கூப்பிட்டதில்லை என்றாலும், அதையே தட்டினாள்.

புரோகிராம் உடனே ஏற்றுக்கொண்டது. சித்திக்கு அரை நாள்தான் விடுப்பு.