வீரகேசரியின் பரம்பரை

வீரகேசரி என்ற பந்தயக் குதிரையின் தாத்தா கோப்பைகளாக வாங்கிக் குவித்தவர். அவருடைய ரத்தம் உடம்பில் ஓடும்போது தான் வேறு தனியாக ஓடிப் பழக வேண்டுமா என்று வீரகேசரி நினைத்தது. ஊறவைத்த கொள்ளை அது முகர்ந்துகூடப் பார்க்காது. பார்க்க வருகிறவர்கள் நீட்டும் வெல்லமும் ஜிலேபியும்தான் அதற்குச் சாப்பாடு.

மிஞ்சிய கொள்ளெல்லாம் அதே லாயத்தில் பொதி சுமக்கும் சொக்கன் என்ற கழுதைக்குப் போனது.

"இன்னும் கொஞ்ச நாள் இதைத் தின்றால் நானும் பந்தயக் குதிரைதான், அண்ணே!"

"பரம்பரையெல்லாம் தீவனத்தொட்டியில் கிடைக்காதுடா," என்று வீரகேசரி சிரித்தது.

பந்தயத்தன்று எல்லாக் குதிரைகளும் பாய்ந்தன. வீரகேசரி பாதி வழியிலேயே மூச்சிரைத்து, தொந்தி தரையில் பட உட்கார்ந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து, கொள்ளு தந்த தைரியத்தில் சொக்கனும் கயிற்றை அறுத்துக்கொண்டு களத்தில் இறங்கியது. மற்ற குதிரைகள் ஓடி முடித்து, குளித்து, தீவனமும் தின்ற பிறகு அது எல்லைக்கோட்டைத் தாண்டியது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்துக் கைதட்டியது.

சொக்கன் பூரிப்போடு திரும்பி வந்தபோது, இன்னும் பாதி வழியிலேயே உட்கார்ந்திருந்த வீரகேசரிக்கு வயிறு எரிந்தது.

"கடைசியாக வந்தவனுக்கா இத்தனை கைதட்டல்?"

"நான் கடைசி இல்லை, அண்ணே," என்றது சொக்கன் பணிவாக. "நீங்கள் இன்னும் வந்து சேரவில்லையே."