கீரைச் சைக்கிளும் பேரணியும்

ஒரு ஊரில் கீரை சுமக்கிற சைக்கிள் ஒன்று இருந்தது. பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் தினமும் போய்வரும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பெரிய சாலையில் பஸ்ஸையும் காணோம், லாரியையும் காணோம். ‘பாதுகாப்பான சைக்கிள் பயணம் நம் உரிமை’ என்று பேனர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. சைக்கிளுக்குத் தலைகால் புரியவில்லை. மணியடித்துக்கொண்டே நடுரோட்டில் இறங்கியது.

“ஏய், நில்லு!” என்று இரும்புத் தடுப்பு மறித்தது. “இன்னிக்கு இந்த ரோடு சைக்கிளுக்கு மட்டும்தான்.”

“அப்ப நான் யாருண்ணே?”

தடுப்பு அதை மேலும் கீழும் பார்த்தது. “நீ கீரை வண்டி. பேரணிக்குப் பேர் குடுத்தியா? பனியன் வாங்கினியா? இல்லேல்ல, சுத்திப் போ.”

சுற்றுவழியில்தான் ஊரிலுள்ள அத்தனை பஸ்ஸும் லாரியும் முட்டி மோதிக்கொண்டு நின்றன. வெயிலில் கீரை வாடுகிறதே என்ற கவலையோடு, சைக்கிள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இடுக்கில் நுழைந்தது. பின்னால் ஒரு கார் விடாமல் ஹாரன் அடித்தது. அதன் கூரையில் கட்டியிருந்த புத்தம்புது கியர் சைக்கிள் எட்டிப் பார்த்துக் கத்தியது:

“பிரதர், உங்களுக்காகத்தான் பேரணிக்குப் போறேன். கொஞ்சம் ஒதுங்குங்க, நேரமாச்சு!”