பெற்றோர் நாற்காலி

பள்ளி நிர்வாகக் குழுவில் பூங்கோதை பெற்றோர் பிரதிநிதி. ஆனால் பனியன் கம்பெனி ஷிப்டால், இதுவரை கூட்டங்களுக்கு வந்ததெல்லாம், அவளுக்குப் பதிலாகத் தானே பேசும் அவளுடைய ஏஐ திரைப் பிம்பம்தான். இன்றுதான் நேரில் வந்திருந்தாள்.

"மெதுவா படிக்கிற பிள்ளைங்களை ஸ்கூலை விட்டு அனுப்பிடலாம். பெற்றோர் தரப்புல என்ன சொல்றீங்க?" தலைவர் பழக்கத்தில் திரையைப் பார்த்துக் கேட்டார்.

"சரிங்க சார்," என்றது பிம்பம்.

பூங்கோதை பதறி எழுந்தாள். "ஐயோ, அதுல என் பொண்ணும் இருக்காளுங்க! அது நான் இல்லீங்க!"

"உங்க பேச்சைக் கேட்டுத்தாம்மா அது பழகுச்சு," என்றார் தலைவர் கனிவாக. "சரி, நீங்களே சொல்லுங்க. அனுப்பிடலாமா?"

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். திரையில் பிம்பமும் வாயைத் திறந்தது.

"சரிங்க சார்."

இரண்டு குரலும் ஒன்றாகவே கேட்டன.