மேட்டுத் தெருவின் வால்வு மூடி

இரும்பு மூடிகள் பேசா என்பது பரவலான, ஆனால் முற்றிலும் பிழையான நம்பிக்கை. அவை பேசும். ரோடு ரோலர் நெருங்கும்போது கத்தவும் செய்யும்.

மேட்டுத் தெருக் குடிநீர் வால்வின் மூடி அப்படித்தான் கத்தியது.

"அண்ணே, நில்லுங்க! என்னைத் திறந்தாத்தான் இந்தத் தெருவுக்குத் தண்ணி. என் மேல தாரைப் போட்டு அமுக்காதீங்க!"

"உன்னை விட்டுட்டுப் போட்டா அங்க ஒரு பள்ளம் நிக்கும்," என்றது ரோலர். "பள்ளமே கூடாதுன்னு உத்தரவு."

"என்னைக் கொஞ்சம் உசத்தி வெச்சுட்டுப் போடலாமே?"

"அது தண்ணி சமாச்சாரம். நான் ரோடு."

"ஒரு வட்டம் போட்டு அடையாளமாவது வைங்களேன்!"

"புது ரோட்டுல கிறுக்கச் சொல்றியா?" என்றபடியே ரோலர் ஏறி இறங்கியது.

புதன்கிழமை தண்ணீர் முறை. குடங்கள் வரிசையில் காத்திருந்தன. வால்வைத் திருகும் நீளச் சாவி, பளபளக்கும் தாரைத் தட்டித் தட்டித் தேடியது.

"எங்கப்பா இருக்கே?"

"நாலடி மேற்கே! மேற்கே!" என்று அடியிலிருந்து மூடி அலறியது.

கடப்பாரை கிழக்கே தோண்டத் தொடங்கியது.

வெள்ளிக்கிழமை மாலை, ஆறாவது குழியில் மூடி அகப்பட்டது.

"மூணு நாளா தொண்டை கிழியக் கத்துறேன்!"

"இன்னும் கொஞ்சம் சத்தமாக் கத்தியிருக்கலாம்," என்றது சாவி.

ஒருவழியாகக் குடங்கள் நிரம்பின.

மறுவாரம் பள்ளங்களை மூட ரோலர் வந்தது. ஆறையும் மூடிவிட்டுப் போனது.