துளை போட வந்தவள்

"ரெண்டாயிரம் வருஷத்து வெண்கலக் காசுல துளை போடணுமா? ஏம்மா, உனக்கு மனசாட்சி இருக்கா?"

அருங்காட்சியகக் காப்பாளர் கத்திய கத்தலில் மேஜைக் கண்ணாடி அதிர்ந்தது.

"விளிம்புல ஊசிமுனையளவு போதும் சார். அந்தத் தூள்ல செம்போட ஐசோடோப்பை அளந்தா, எந்தச் சுரங்கத்துச் செம்புன்னு தெரிஞ்சிடும்" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு. "இதே காசுல ஏற்கெனவே..."

"ஏற்கெனவேயும் கிடையாது, இனிமேலும் கிடையாது! சுரங்கமாவது மண்ணாவது! நான் பொறுப்பேத்ததுலேர்ந்து பெட்டிச் சாவி என் இடுப்பை விட்டு இறங்கினதில்லை. வேற ஒருத்தர் கை இதுமேல பட்டதில்லை. இந்தா, லென்ஸ் வெச்சுப் பாரு. எங்கேயாவது ஒரு கீறல் இருக்கா?"

காசை வாங்கி விளிம்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. லென்ஸைக் கீழே வைத்தேன்.

"என்ன, வாயடைச்சுப் போச்சா?"

"நீங்க இங்கே வர்றதுக்கு முன்னாடி, ஈயத்தை அளக்குறதுக்காக இந்தக் காசோட விளிம்புல நானே ஒரு துளை போட்டேன் சார்."

அவர் கை தன்னையறியாமல் இடுப்புச் சாவிக்குப் போனது.

"சொல்லுங்க. நான் துளை போட்ட காசை யாருக்கு வித்தீங்க?"